பாலைவனத்தில் பிழைத்தவர் பாலைவனத்திலேயே பலி! பாரீஸ்-டக்கார் கார் பந்தயத்தை உருவாக்கிய சபீன் கதை

பாலைவனத்தில் வழி தவறிச் சாவின் வாசல் வரை போனார் ஒருவர். எப்படியோ உயிர் தப்பினார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துக் கூடப் படுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால், இந்த ஆசாமி என்ன செய்தார் தெரியுமா? தன்னைக் கொல்லப் பார்த்த அதே பாலைவனத்துக்கு நூற்றுக்கணக்கான கார்களையும், மோட்டார் சைக்கிள்களையும், லாரிகளையும் கூட்டிக்கொண்டு போனார்!

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. ஆப்பிரிக்கப் பாலைவனம் அவரைக் காவு வாங்கிவிட்டது.

அவர் பெயர் தியரி சபீன். பிரான்சு நாட்டுக்காரர். உலகிலேயே மிகக் கடினமானது என்று பெயர் வாங்கிய பாரீஸ்-டக்கார் கார் பந்தயத்தை உருவாக்கியவர் இவர்தான். இறந்தபோது இவருக்கு வயது 36.

பல் டாக்டர் மகன்

சபீன் 1949-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி பாரீஸ் நகரை ஒட்டிய நெய்லி என்ற ஊரில் பிறந்தார். தந்தை கில்பர்ட் சபீன் பல் டாக்டர். குடும்பம் வசதியானது.

பிரான்சின் வடக்குக் கடற்கரையில் லெ டூக்கே என்று ஓர் ஊர் இருக்கிறது. பணக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் இடம். சபீன் வளர்ந்தது அங்கேதான். சின்ன வயதில் குதிரைச் சவாரியில் மோகம். பிறகு அந்த மோகம் கார் மேல் திரும்பியது. மோட்டார் சைக்கிள் மேலும் திரும்பியது. லெ மான் நகரில் நடக்கும் புகழ்பெற்ற 24 மணி நேர கார் பந்தயத்திலும் ஓட்டியிருக்கிறார்.

வண்டி ஓட்டுவதை விட, கூட்டம் கூட்டுவதில்தான் அவர் கெட்டிக்காரர். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் பாலைவனத்தில் பாயும் காட்சியை ஒரு சினிமாவில் பார்த்தார். நம் ஊர்க் கடற்கரையிலும் மணல்தானே இருக்கிறது என்று தோன்றியது. உடனே 1975-ம் ஆண்டு லெ டூக்கே கடற்கரை மணலில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தை நடத்திக் காட்டினார். குளிர் காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் ஊரில் ஜனக்கூட்டம் அலைமோதியது.

அப்போது சபீனுக்கு வயது 26 கூட நிரம்பவில்லை!

3 நாள் நரகம்

1976-ம் ஆண்டு கடைசியில் ஆப்பிரிக்காவில் ஒரு நெடுந்தூரப் பந்தயம் தொடங்கியது. ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிட்ஜான் நகரில் புறப்பட்டு, சகாரா பாலைவனத்தைத் தாண்டி, பிரான்சின் நீஸ் நகரில் முடியும் பந்தயம் அது. சபீன் ஒரு யமஹா மோட்டார் சைக்கிளில் கலந்துகொண்டார்.

1977 ஜனவரி மாதம். லிபியா நாட்டுப் பாலைவனப் பகுதி. சபீன் வழி தவறிவிட்டார்.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலும் பாறையும்தான். ரோடு கிடையாது. ஆள் நடமாட்டம் கிடையாது. பகலில் வெயில் பொசுக்கும். ஜனவரி மாதத்து ராத்திரியில் குளிர் எலும்பைத் துளைக்கும். மோட்டார் சைக்கிளும் போய், சபீன் தன்னந்தனியாகக் கால்நடையாக அலைந்தார்.

அன்று செல்போன் ஏது? செயற்கைக் கோள் பார்த்து இடம் சொல்லும் கருவிதான் ஏது? யாராவது தேடி வந்து, கண்ணில் பட்டால்தான் உயிர். இல்லாவிட்டால் வெறும் எலும்புதான் கிடைக்கும்.

மூன்று பகல், இரண்டு இரவு இப்படிக் கழிந்தது. கடைசியில் தேடி வந்த விமானம் ஒன்று அவரைக் கண்டுபிடித்தது. நாக்கு வறண்டு, நடக்கத் தெம்பு இல்லாமல் கிடந்த சபீன் காப்பாற்றப்பட்டார்.

தேடி வர ஆள் இருந்தது. அதனால் பிழைத்தார். இந்தப் பாடத்தை அவர் சாகும் வரை மறக்கவில்லை.

பழைய பந்தயங்கள்

நெடுந்தூர கார் பந்தயம் என்பது சபீன் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல.

1907-ம் ஆண்டிலேயே சீனத் தலைநகர் பீகிங்கில் இருந்து பாரீசுக்குக் கார் பந்தயம் நடந்திருக்கிறது. ஒரு பாரீஸ் பத்திரிகை விட்ட சவால் அது. ஐந்து வண்டிகள் புறப்பட்டன. இத்தாலி நாட்டு இளவரசர் போர்கீஸ் இரண்டே மாதத்தில் பாரீஸ் வந்து சேர்ந்து ஜெயித்தார்.

1968-ம் ஆண்டு லண்டனில் இருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு ஒரு பந்தயம் நடந்தது. அந்தக் கார்கள் நம் பம்பாய் வரைக்கும் தரை வழியாக ஓடி வந்தன. அங்கிருந்து கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனார்கள்.

ஆனால், இவை எல்லாம் எப்போதோ ஒரு தடவை நடந்தவை. ஆண்டுதோறும் நடக்க வேண்டும், அதுவும் சகாராவுக்குள்ளே நடக்க வேண்டும், பணக்காரக் கம்பெனிகள் மட்டும் அல்ல, ஆசைப்பட்ட சாதாரண ஆளும் கலந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவர் சபீன்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் தேசப்படத்தை விரித்தார். பாரீசில் புறப்பட்டு, அல்ஜீரியா, நைஜர், மாலி நாடுகளைக் கடந்து, அட்லாண்டிக் கடற்கரையில் செனகல் நாட்டுத் தலைநகரான டக்கார் போய்ச் சேர வேண்டும். தூரம் 10 ஆயிரம் கிலோ மீட்டர்!

இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

182 வண்டிகள்

1978-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். பாரீஸ் ஈபில் கோபுரத்துக்கு எதிரே உள்ள டிரோக்கடேரோ சதுக்கத்தில் 182 வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மோட்டார் சைக்கிள் 90, கார் 80, லாரி 12.

மத்திய தரைக்கடலைக் கப்பலில் தாண்டி, அல்ஜீரியாவில் இறங்கின வண்டிகள். அதற்கு அப்புறம்தான் ஆட்டம் ஆரம்பம்.

மணலில் சக்கரம் புதைந்தது. பாறையில் அச்சு முறிந்தது. எஞ்சின் புகைந்தது. ஒவ்வொன்றாக வண்டிகள் நின்றுபோயின. நைஜர் நாட்டின் அகாடெஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வீரர் விழுந்து இறந்தார். முதல் பந்தயத்திலேயே ஓர் உயிர்ப் பலி!

1979 ஜனவரி 14-ந் தேதி டக்கார் போய்ச் சேர்ந்தவை 74 வண்டிகள்தான். பாதிக்கு மேல் பாலைவனத்தில் அவுட்!

கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். அதில் முதல் பரிசைத் தட்டியது கார் அல்ல. யமஹா மோட்டார் சைக்கிளில் வந்த 22 வயது வாலிபர் சிரில் நெவ்யு! சபீன் வழி தவறியபோது ஓட்டிய அதே ரக வண்டிதான்.

பந்தயம் எப்படி?

இந்தப் பந்தயம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவது அல்ல. தினமும் ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊர். சில நாள் சில நூறு கிலோ மீட்டர். சில நாள் விடிய விடிய ஓட்ட வேண்டும்.

டிரைவர் கையில் ஒரு குறிப்புப் புத்தகம் கொடுப்பார்கள். இத்தனை கிலோ மீட்டரில் ஒரு தனி மரம், அங்கிருந்து இந்தத் திசை, அடுத்து ஒரு கிணறு என்று அதில் இருக்கும். அதையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் மட்டும் போதாது. வழி தவறினால் வேகமே எமன்!

ராத்திரி எல்லோரும் திறந்தவெளி முகாமில் சேருவார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே ரிப்பேர், அங்கேயே மணலில் படுக்கை. தினமும் மறுநாள் பாதையைப் பற்றி சபீன் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார். வெள்ளை உடையில் தாடியோடு அவர் வந்து நின்றால் முகாமே கப்சிப் ஆகிவிடும். எங்கே பள்ளம், எங்கே மணல் மோசம் என்று சொல்லுவார். கடிந்தும் பேசுவார். விதியை மீறியவர்களுக்குத் தயவு தாட்சண்யம் காட்டமாட்டார்.

பகல் முழுக்க அவர் ஹெலிகாப்டரில்தான். கீழே யார் நிற்கிறார்கள், யாரைக் காணோம் என்று மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஸ்கூட்டரில் சகாரா!

பந்தயத்தின் புகழ் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1980-ல் 216 வண்டிகள். 1981-ல் 291. 1982-ல் 382. 1985-ல் 552!

வந்த வண்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1980-ல் நான்கு பேர் வெஸ்பா ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கடைத்தெருவுக்குப் போகிற ஸ்கூட்டர் சகாராவில் என்ன செய்யும் என்று நினைத்தார்கள். அதில் இரண்டு ஸ்கூட்டர்கள் டக்கார் போய்ச் சேர்ந்தன!

மாரோ என்ற சகோதரர்கள் இரண்டு பேர். சின்னஞ்சிறு ரெனோ-4 காரில் வந்து முதல் பந்தயத்தில் கார்களில் இரண்டாவதாக நின்றார்கள். 1982-ல் இதே சகோதரர்கள் வேறொரு ரெனோ காரில் முதல் பரிசே வாங்கிவிட்டார்கள்.

1981-ல் ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் காரோடு வந்து இறங்கினார். தோற்றம்தான் ரோல்ஸ் ராய்ஸ். உள்ளே இருந்தது டொயோட்டா ஜீப்பின் பாகங்களும் அமெரிக்க எஞ்சினும்!

வேடிக்கைக்கு வந்தவர்களுக்கு நடுவே பெரிய கம்பெனிகளும் நுழைந்தன. போர்ஷே, மெர்சிடிஸ், மிட்சுபிஷி என்று கோடிகள் விளையாட ஆரம்பித்தன. சாதாரண ஆளுக்காகத் தொடங்கிய பந்தயத்தில் சாதாரண ஆள் ஜெயிப்பது கஷ்டம் ஆயிற்று.

பிரதமர் மகன் மாயம்

1982 ஜனவரியில் உலகமே இந்தப் பந்தயத்தைத் திரும்பிப் பார்த்தது. காரணம், ஒரு தாயின் கண்ணீர்.

அப்போது இங்கிலாந்துப் பிரதமர் மார்கரெட் தாட்சர். இரும்புப் பெண்மணி என்று பெயர் வாங்கியவர். அவருடைய மகன் மார்க் தாட்சர் பந்தயத்தில் கலந்துகொண்டார். அல்ஜீரியாவின் தெற்கே அவருடைய பீஜோ கார் பழுதாகி நின்றுவிட்டது. காரில் பிரெஞ்சு வீராங்கனை ஒருவரும், மெக்கானிக் ஒருவரும் இருந்தார்கள்.

நாட்கள் ஓடின. தகவலே இல்லை. லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் இரும்புப் பெண்மணி கண்ணீர் விட்டார். தந்தை டெனிஸ் தாட்சர் விமானம் ஏறி அல்ஜீரியாவுக்கே பறந்தார்.

ஆறு நாள் கழித்து, ஜனவரி 14-ந் தேதி, அல்ஜீரிய ராணுவ விமானம் ஒன்று வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டது. பாதையை விட்டுப் பல மைல் தள்ளி நின்றிருந்தது அந்தக் கார். மூவரும் பத்திரம்!

மறுவருஷம் இதை விட மோசம். பந்தயம் முதன்முறையாக டெனெரே என்ற மணல் கடலுக்குள் புகுந்தது. மணல் புயல் கிளம்பியது. எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. சுமார் 40 பேர் திசை தெரியாமல் சிதறிப் போனார்கள். சிலரைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. 1977-ல் தான் பட்ட பாட்டை இப்போது மற்றவர்கள் படுவதை சபீன் பார்த்தார்.

கண்டனம்

பந்தயத்துக்குக் கைதட்டியவர்களைப் போலவே, காறித் துப்பியவர்களும் இருந்தார்கள்.

ஆப்பிரிக்காவில் அது கடும் பஞ்ச காலம். மழை பொய்த்து, மாடு மடிந்து, ஜனங்கள் தண்ணீருக்குத் தவித்த நேரம். அந்தக் கிராமங்களின் வழியே வெள்ளைக்காரர்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து கார் ஓட்டி விளையாடுவது நியாயமா என்று பிரான்சிலேயே கேட்டார்கள்.

வீரர்கள் ஆபத்து என்று தெரிந்தே வருகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஆனால் ரோட்டோரம் நிற்கும் கிராமத்துக் குழந்தை எதில் கையெழுத்துப் போட்டது? இந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கண்டனத்துக்குப் பதில்போல ஒரு நல்ல காரியம் பந்தயத்தோடு சேர்ந்தது. பிரான்சின் பிரபல பாடகர் டேனியல் பாலவுவான். இரண்டு தடவை பந்தயத்தில் கலந்துகொண்டவர். போன இடத்தில் ஜனங்கள் படும் கஷ்டத்தைப் பார்த்து மனம் இளகியவர். 1986-ல் அவர் ஆப்பிரிக்கா போனது கார் ஓட்ட அல்ல. கிராமங்களில் தண்ணீர் பம்ப் அமைக்கும் வேலைக்காக!

கடைசிப் பயணம்

1986-ம் ஆண்டுப் பந்தயம் புத்தாண்டு தினத்தன்று வெர்சேல்ஸ் அரண்மனை முன்பு புறப்பட்டது. ஆரம்பமே அபசகுனம். ஆப்பிரிக்கா போய்ச் சேரும் முன்பே, பிரான்சு ரோட்டில் ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் வீரர் மீது கார் மோதி, அவர் உயிர் இழந்தார்.

ஜனவரி 14-ந் தேதி வண்டிகள் மாலி நாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. நைஜர் ஆற்றங்கரையில் உள்ள கூர்மா-ராரூஸ் என்ற ஊரில் அன்றைய முகாம். சபீன் வழக்கம்போல ஹெலிகாப்டரில் இருந்தார்.

அவரோடு பாடகர் பாலவுவான், பெண் நிருபர் நத்தாலி ஒடான், ரேடியோ டெக்னீஷியன் ழான்-பால் லெ பூர் ஆகியோரும் இருந்தனர். ஓட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரான்சுவா-சேவியர் பான்யு. வயது 24.

பொழுது சாய்ந்துவிட்டது. காற்றில் மணல் பறந்தது. மேலே வானமும் தெரியவில்லை, கீழே தரையும் தெரியவில்லை. இரவு 7 மணி தாண்டியதும், முகாமை நெருங்கும் நேரத்தில் ஹெலிகாப்டர் ஒரு மணல் மேட்டில் மோதிச் சிதறியது.

ஐந்து பேரும் அந்த இடத்திலேயே பரிதாபமாக இறந்தார்கள்.

முகாமில் காத்திருந்தவர்கள் இடிந்து போனார்கள். காணாமல் போனவர்களைத் தேடிப் போகிறவர் சபீன். அவரையே அன்று ராத்திரி தேட வேண்டியதாகிவிட்டது!

மகன் இடத்தில் தந்தை

பந்தயத்தை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் தொடருவது என்று முடிவாயிற்று. ஜனவரி 22-ந் தேதி டக்காரில் பந்தயம் முடிந்தது. போர்ஷே காரில் ரெனே மெட்ஜ் முதலிடம். மோட்டார் சைக்கிளில் அதே சிரில் நெவ்யு. கடைசி நாளில் விழுந்து அடிபட்ட ஓர் இத்தாலிய வீரர், பின்னர் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

சபீனின் உடல் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி டெனெரே பாலைவனத்தில் தூவப்பட்டது. அங்கே தன்னந்தனியாக நிற்கும் ஒரு மரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

மகன் விட்ட இடத்தில் தந்தை கில்பர்ட் சபீன் வந்து நின்றார். பல் டாக்டராக இருந்தவர் கார் பந்தயத்தை ஏற்று நடத்தினார்!

ஆனால் பழைய கேள்வி விடவில்லை. 1988-ல் ஒரே பந்தயத்தில் ஆறு பேர் இறந்தார்கள். மூன்று பேர் போட்டியாளர்கள். மற்ற மூன்று பேர் பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாத உள்ளூர் ஜனங்கள். அதில் ஒருத்தி 10 வயதுச் சிறுமி. தொடங்கிய நாளில் இருந்து இன்று வரை இந்தப் பந்தயத்தில் பலியானவர்கள் 70 பேருக்கும் மேல்.

ஹெலிகாப்டர் ஓட்டிய இளைஞர் பான்யுவின் தாயார் மனம் தளரவில்லை. மகன் பெயரால் 1989-ல் ஒரு தரும ஸ்தாபனம் தொடங்கினார். எய்ட்ஸ் நோயால் தாய், தந்தையை இழந்த குழந்தைகளுக்கு உதவத் தொடங்கப்பட்ட அந்த ஸ்தாபனம், இந்தியாவிலும் பணி செய்திருக்கிறது.

ஓசூர் கம்பெனி

2007 டிசம்பரில் மாரிட்டானியா நாட்டில் நான்கு பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பயங்கரவாத மிரட்டலும் வந்தது. 2008-ம் ஆண்டுப் பந்தயம் புறப்படுவதற்கு முதல் நாள் ரத்து செய்யப்பட்டது. 2009 முதல் தென் அமெரிக்காவுக்கும், 2020 முதல் சவுதி அரேபியாவுக்கும் பந்தயம் இடம் மாறியது. டக்கார் நகரம் பாதையிலேயே இல்லை. பெயர் மட்டும் டக்கார்!

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஓசூரில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் டி.வி.எஸ். கம்பெனி, பிரான்சின் ஷெர்கோ கம்பெனியோடு சேர்ந்து 2015 முதல் டக்கார் பந்தயத்தில் இறங்கியது. 2015-ல் பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ் 36-வது இடத்தில் வந்து, இந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-ல் டி.வி.எஸ். அணியின் கேரள வீரர் ஹரித் நோவா 11-வது இடம் பிடித்தார். தன் பிரிவில் முதல் பரிசும் அவருக்குத்தான். இந்தியர் யாரும் அதற்கு முன் இந்தப் பந்தயத்தில் எந்தப் பிரிவிலும் ஜெயித்தது கிடையாது.

இன்று ஒவ்வொரு வண்டியிலும் செயற்கைக் கோளோடு பேசும் கருவி இருக்கிறது. வீரர் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று பந்தய அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். டாக்டரோடு ஹெலிகாப்டர் பறந்து வரும்.

1977-ல் சபீனிடம் அந்தப் பொத்தான் இல்லை. யாராவது வருவார்களா என்று மூன்று நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களுக்காக, வானத்தில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்துவிட்டார்!